மூன்றாம் முறை கேட்டால்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் அண்ணியும் வீட்டுக்கு வந்திருந்தோம்; அண்ணி தலைத்துண்டைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. ஊரின் பெரிய பண்ணைக்காரர்களான மேல்வீட்டாரின் கறுப்பு மோட்டார் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்துக் கோடை. அந்தக் கோடையில் பின்லாந்தில் ஒரு வீட்டு வாசலில் மோட்டார் வண்டி நின்றால், யார் வந்திருக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. யாரைக் கொண்டுபோக வந்திருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். சவாரி என்று அதற்குப் பெயர். இடதுசாரி என்று பெயரெடுத்த ஓர் ஆளை வண்டியில் ஏற்றி, கிழக்கு எல்லைவரை ஓட்டிப்போய், காட்டுப் பாதையில் இறக்கிவிட்டு, ரஷ்யா அந்தப் பக்கம், நட என்பார்கள். சிலர் அடிபட்டுத் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. இதைச் செய்தவர்கள் அப்போது தங்களைக் கட்சி என்று சொல்லிக்கொள்ளவில்லை, இயக்கம் என்றார்கள். கட்சிப் பெயரும் பெயர்ப்பலகையும் நாடாளுமன்ற நாற்காலிகளும் பின்னால் வந்தன. முதலில் வந்தது வண்டி.

என் அண்ணன் நெஸ்டோரி பூட்சு தைப்பவர்; தங்கை நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். ஊராட்சி மன்றத்தில் சமூக ஜனநாயகக் கட்சி உறுப்பினர். அவர் கம்யூனிஸ்ட் இல்லை. இந்த வித்தியாசம் எங்களுக்குப் பெரிதாக இருந்தது. வண்டியில் வருபவர்களுக்கு இல்லை. தொழிலாளர்கள் கூடும் கட்டடமான தொழிலாளர் மன்றத்தை ஊராட்சி நிலத்தில் கட்டியிருந்தார்கள். நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு மன்றத்தைப் பூட்ட வேண்டும் என்று இயக்கம் மனுக் கொடுத்திருந்தது. வியாழக்கிழமை கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். பூட்டக் கூடாது என்பவர்கள் பக்கம் ஒரே ஒரு கை அதிகம் இருந்தது. அண்ணன் கை இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் தலைவர் வைத்ததுதான் சட்டம். தலைவர் மேல்வீட்டு ஹெர்மன்.

வண்டியிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். முதலில் யால்மாரி, ஹெர்மனின் மகன். நானும் அவனும் ஒரே கோடையில் பாதிரியாரிடம் திடப்படுத்தல் வகுப்புக்குப் போனவர்கள். அவனுக்கு வேத வசனங்கள் எப்போதும் பாதிதான் நினைவிருக்கும், மீதியை நான் பின்னாலிருந்து முணுமுணுப்பேன். அடுத்தவன் மாவுமில்காரர் மகன் ஈவரி. எங்கே அடுப்பு எரிகிறதோ அங்கே இருப்பான். மூன்றாமவர் தோல் கோட்டுப் போட்ட வெளியூர்க்காரர். பெயர் சொல்லவில்லை. யால்மாரி காலிலும் ஈவரி காலிலும் இருந்தவை அண்ணன் தைத்த பூட்சுகள். வெளியூர்க்காரருடையது கடையில் வாங்கியது. திறந்திருந்த வண்டிக் கதவு வழியாகப் பின்சீட்டில் ஒரு கயிற்றுச் சுருள் கிடப்பது தெரிந்தது.

உள்ளே வந்ததும் யால்மாரியும் ஈவரியும் தொப்பியைக் கழற்றினார்கள். வெளியூர்க்காரர் கழற்றவில்லை. அண்ணன் ஜன்னலோரம் பட்டறை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

“வாங்க, உட்காருங்க. காபி போடுறேன்” என்றாள் அண்ணி.

“வேண்டாங்க வீட்டுக்காரம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றான் யால்மாரி. “நெஸ்டோரிகிட்ட ஒரு சின்ன வேலை. உடனே போயிடுவோம்.”

வேண்டாம் என்பதுதான் எங்கள் பக்கத்தில் சரியான பதில். காபி என்றவுடன் சரி என்பவன் வளர்ப்புச் சரியில்லாதவன். இரண்டாம் முறையும் வேண்டாம் என்பார்கள். மூன்றாம் முறை கேட்டால், சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று முனகிக்கொண்டே மேஜைக்கு வருவார்கள். மூன்றாம் முறையும் மறுத்தால், இந்த வீட்டோடு எனக்கு இனிமேல் ஒன்றுமில்லை என்று பொருள். அப்படி மறுத்த ஒரு குடும்பமும் மறுக்கப்பட்ட ஒரு குடும்பமும் எங்கள் ஏரியின் எதிரெதிர்க் கரைகளில் இன்றுவரை தனித்தனியாக மீன்பிடிக்கின்றன. முதலில் சண்டை எதற்கு என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

அண்ணி இரண்டாம் முறை கேட்டாள். யால்மாரி தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு வேண்டாம் என்றான். நமக்கு நேரமில்லை என்றார் வெளியூர்க்காரர், அவனைப் பார்த்து.

ஊரில் கல்யாணமானாலும் சாவானாலும் காபி போட அழைப்பது அல்வீனா அண்ணியைத்தான். மார்ச் மாதம் யால்மாரியின் அம்மா இறந்தபோது, பனியில் குழி தோண்டிவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் அண்ணிதான் மூன்று பெரிய செம்புக் கெண்டிகளில் காபி கொதிக்க வைத்தாள். மூன்றாம் முறை கேட்கும்போது அந்தச் சாவுக் காபியைத்தான் நினைவுபடுத்தினாள்.

“உங்கம்மாவுக்கு நான் போட்ட காபிய நீ குடிச்ச, யால்மாரி. என் வீட்டுக் காபிய ஒரு வாய் குடிச்சுட்டு அப்புறம் உன் வேலையப் பாரு.”

யால்மாரி நீள பெஞ்சில் உட்கார்ந்தான். ஈவரி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

வறுத்த கொட்டை அலமாரி டப்பாவில் இருந்தது. நான் எடுக்கப் போனேன். அண்ணி என் கையை விலக்கிவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து பச்சைக் கொட்டைப் பையை எடுத்தாள். விருந்தாளிக்குப் போன வாரத்து வறுவலா என்று என்னைக் கடிந்துகொண்டாள், எல்லாருக்கும் கேட்கும்படி. வறுக்க வேண்டும், ஆற வைக்க வேண்டும், அரைக்க வேண்டும், கொதிக்க வைத்துத் தெளிய விட வேண்டும். வெளியூர்க்காரர் இதையெல்லாம் கணக்குப் போடுவது அவருடைய இறுகிய தாடையில் தெரிந்தது.

யாராவது உதவிக்கு வருவார்கள் என்று அண்ணி காத்திருக்கவில்லை. யாரும் வரப்போவதில்லை. ஊர்ப் போலீஸ்காரர் மீன்பிடிக்கப் போயிருந்தார். சவாரி இருக்கிற நாட்களில் அவருக்கு மீன் நன்றாகக் கிடைக்கும். அண்ணிக்கு வேண்டியிருந்தது, அவர்கள் உட்கார்ந்திருப்பது. உட்கார உட்கார அவர்கள் வந்த காரியத்தை விட்டு விருந்தாளிகளாக மாற வேண்டும்.

கொட்டையைப் போட்டு அடுப்பின்மேல் சுழற்றி வறுக்கும் இரும்பு உருளையின் கைப்பிடியை ஈவரி தானே எழுந்துவந்து வாங்கிக்கொண்டான். நீங்கள் கருக்கிவிடுவீர்கள், என் அம்மா எனக்குத்தான் கொடுப்பாள் என்றான். அண்ணனைக் கட்டிக்கொண்டுபோக வந்தவன் எங்கள் அடுப்பங்கரையில் குந்திக்கொண்டு காபிக் கொட்டை வறுத்தான். அறை முழுக்க வாசனை.

அண்ணன் யால்மாரியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, நீ வைக்கோல் வண்டியிலிருந்து குதித்தபோது பிசகியது இன்னும் சரியாகவில்லையா என்று கேட்டார். யால்மாரி காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். பிறகு, குளிர் காலத்தில் வலிக்கும் என்றான். அதற்குப் பிறகு தீவனப் புல் அறுப்பதைப் பற்றிப் பேசினார்கள். மழை வருவதற்குள் மேல்வயலை அறுத்துவிட வேண்டும் என்றான் அவன். வரும், காற்று ஏரிப் பக்கமிருந்து அடிக்கிறது என்றார் அண்ணன்.

வெளியூர்க்காரர் கதவோரம் நின்று சிகரெட் பற்றவைத்தார்.

“இது என்ன, ஞானஸ்நான விருந்தா? கேக்கும் வருமா?”

“ஏலக்காய் ரொட்டி இருக்கு” என்றாள் அண்ணி. “நீங்களும் உட்காருங்க ஐயா. நின்னுக்கிட்டே இருந்தா வீட்டுக்காரிக்கு அவமானம்.”

யால்மாரியின் காது சிவந்தது. அவன் அவரைப் பார்த்து பெஞ்சைத் தட்டினான். மனசில்லாமல் அவர் வந்து உட்கார்ந்தார்.

அண்ணி மிக நல்ல கோப்பைகளை எடுத்தாள், நீலப் பூப்போட்டவை, கல்யாணத்துக்கு வந்தவை. யால்மாரி சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, காபியைச் சாசரில் ஊற்றி உறிஞ்சினான். இரண்டாவது கோப்பையும் குடித்தான். ஈவரி ரொட்டியை எத்தனை துண்டு தின்றான் என்று நான் எண்ணவில்லை, தட்டு காலியாயிற்று. அண்ணனும் அவர்களோடு உட்கார்ந்து குடித்தார். யாரும் எல்லையைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியில் யால்மாரி எழுந்து அண்ணியின் கையைப் பிடித்து நன்றி சொன்னான். விருந்தாளி சொல்கிறபடி, தலையை லேசாகத் தாழ்த்தி. பிறகு அண்ணனைப் பார்க்காமல், நாளைக்குப் புல்லறுப்பு இருக்கிறது, காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனான். ஈவரியும் போனான். வெளியூர்க்காரர் வாசலில் நின்றார்.

“காபி குடிக்கவா நூறு கிலோமீட்டர் வந்தேன்?” என்று வண்டியைப் பார்த்துக் கேட்டார். அவர் எங்கள் பக்கம் திரும்பி அறையை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். கதவு எங்கே, பின்கதவு எங்கே, ஜன்னல் எத்தனை. பிறகு போனார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் அண்ணன் சிரித்தார். “அவ்வளவுதான், முடிஞ்சுது. என் மேஜையில குடிச்சாச்சு. இனிமே வரமாட்டாங்க.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அண்ணி மட்டும் மேஜையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து வந்து அண்ணன் முன்னால் வைத்தாள். விளிம்புவரை நிறைந்திருந்தது. ஆறிப்போயிருந்தது.

“இத யாரு குடிச்சா?”

“ஒரு ஆளு குடிக்கல. அதனால என்ன?”

“அந்த ஒரு ஆளுதான் வண்டியில முன்னாடி உட்கார்ந்து வந்தான்” என்றாள்.

தெற்கே எங்கள் அத்தை மகன் இருக்கிறார், வியாழக்கிழமைவரை அங்கே போயிரு என்று அண்ணி சொன்னாள். வியாழக்கிழமைக்குத்தான் நான் இங்கே இருக்க வேண்டும் என்றார் அண்ணன். பதினெட்டாம் வருஷ உள்நாட்டுப் போரில் தொழிலாளர் பக்கம் நின்று தோற்று, சிறைமுகாமில் புல்லைத் தின்று உயிரோடு வந்தவர் அவர். அங்கேயிருந்து திரும்பி வந்தபோது, இனித் துப்பாக்கியால் ஆகாது, கைதூக்கித்தான் ஆகும் என்று சொன்னவர். அந்தக் கையைத் தூக்க வேண்டிய நாளில் ஓடினால் பன்னிரண்டு வருஷமாகச் சொன்னதெல்லாம் என்ன ஆவது என்று கேட்டார். அண்ணி கோப்பையைக் கழுவாமல் அலமாரியில் வைத்தாள்.

திங்கட்கிழமை மேல்வீட்டில் புல்லறுப்பு. அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் உதவிக்குப் போயிருந்தார்கள். பிற்பகல் காபிக்கு அவர்கள் பெரிய அறையில் கூடும் நேரம் பார்த்து அண்ணி நல்ல பாவாடையை உடுத்திக்கொண்டு, சைமி, நீயும் வா என்றாள். நான் போனேன்.

மேல்வீட்டு அறையில் இருபதுக்கு மேல் ஆட்கள். வியர்வை, புல் வாசனை. மேஜைத் தலைமாட்டில் ஹெர்மன், பக்கத்தில் யால்மாரி. யால்மாரியின் மனைவி மார்த்தா கெண்டியோடு நின்றாள். மாமியார் போன பிறகு அந்த வீட்டு எஜமானியாக அவள் ஊரை உட்காரவைத்து நடத்திய முதல் விருந்து அது. ரொட்டி சரியாக உப்பியிருக்கிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி மேஜைக்குப் போகவில்லை. கதவோரம் பிச்சைக்காரர்களும் வெளியாட்களும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில்.

“அல்வீனா அக்கா, அங்க ஏன் உட்கார்ந்துட்டீங்க? மேஜைக்கு வாங்க, காபி சூடா இருக்கு.” மார்த்தாவின் குரலில் சந்தோஷம்தான் இருந்தது. ஊரின் காபிக்காரி தன் காபியைக் குடிக்க வந்திருக்கிறாள்.

“வேண்டாம்மா.”

மார்த்தா சிரித்துக்கொண்டே இரண்டாம் முறை கேட்டாள். அண்ணி வேண்டாம் என்றாள். மூன்றாம் முறை மார்த்தா கோப்பையையே நிறைத்து எடுத்துக்கொண்டு அறையின் குறுக்கே வந்தாள். எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

“எங்க வீட்டுக் காபிய ஒரு வாய் குடிச்சுப் பாருங்கக்கா.”

“வேண்டாம் மார்த்தா. உன் காபியில குறை இல்ல.”

பேச்சு நின்றது. மார்த்தா கோப்பையோடு அங்கேயே நின்றாள். நான் தரையைப் பார்த்தேன். யாரோ ஒருவர் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

ஹெர்மன் தலையைத் தூக்கினார். அவர் பதினெட்டாம் வருஷப் போரில் அண்ணனுக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர். ஊராட்சி மன்றத்தில் அண்ணனோடு ஒவ்வொரு கூட்டத்திலும் மோதுபவர், கூட்டம் முடிந்ததும் அண்ணனிடம் பூட்சு அளவு கொடுப்பவர். மெதுவாகக் கேட்டார்:

“அல்வீனா, என் வீடு உனக்கு என்ன பண்ணுச்சு?”

“உங்க வீட்டு அம்மாவுக்குக் கடைசிக் காபி நான்தான் போட்டேன், பெரியவரே. நேத்து உங்க வீட்டு வண்டி என் வாசலுக்கு வந்துச்சு. பின்சீட்டுல கயிறு இருந்துச்சு. இந்த வீட்டுல இனிமே நான் குடிக்கணுமா வேண்டாமான்னு யால்மாரிதான் சொல்லணும்.”

ஹெர்மன் மகனைப் பார்த்தார். வண்டியை எதற்குக் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியாமலிருந்திருக்காது. ஆனால் தெரிந்திருப்பது வேறு, வேலையாட்கள் முன்னால் தன் வீட்டு மேஜையில் கேட்பது வேறு. யால்மாரி எழுந்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று எல்லாரும் காத்திருந்தோம். தொப்பியை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி வெளியே போய்விட்டான். போகும்போது அவன் பூட்சின் இடது குதிகால் தரையில் இழுபட்டது.

அண்ணி மார்த்தாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தால் யால்மாரி அன்றே கயிற்றோடு வரலாம்.

செவ்வாய்க்கிழமை காலை வந்தான். காலைக் காபிக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதே வண்டி. அவனே ஓட்டி வந்தான்; பக்கத்தில் ஈவரி. வெளியூர்க்காரர் இல்லை. யால்மாரி தொப்பியைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றான்.

“நெஸ்டோரி, வண்டியில ஏறு.”

“எங்க?” என்றாள் அண்ணி.

“கேக்காதீங்க.”

அவன் கண் ஒரு கணம் பின்னால் வண்டிப் பக்கம் போய் வந்தது. வண்டியில் ஈவரி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கக் கூடாது என்கிறானா, அல்லது எங்களைப் பார்க்க வெட்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சைமி, நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி என்னையும் ஒருமுறை பார்த்தான். வகுப்பில் வசனம் மறந்தபோது பார்ப்பதைப் போல. இந்த முறை எனக்கும் மீதி தெரியவில்லை.

அண்ணன் முக்காலியிலிருந்து எழுந்து கோட்டை எடுத்தார். இவன் என் வீட்டில் குடித்தவன் என்றார், அவ்வளவுதான். அண்ணி வழியை மறித்து நின்றாள். அடுப்பில் எங்களுக்காகக் கொதித்த காபி இருந்தது. ஒரு கோப்பையில் ஊற்றி யால்மாரியிடம் நீட்டினாள்.

“காபி.”

ஒரே ஒரு முறை சொன்னாள். யால்மாரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோப்பையை வாங்கினான். மறுக்கவில்லை. மறு அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. நின்றபடியே, சர்க்கரை இல்லாமல், நாக்குச் சுட முழுதும் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். எங்கள் பக்கத்தில் அப்படிக் குடிப்பவர்கள் ஒரு வகைதான்: அந்த வீட்டு ஆட்கள்.

அண்ணி விலகி நின்றாள். “போயிட்டு வா, நெஸ்டோரி.”

அண்ணன் பின்சீட்டில் ஏறினார். கயிறு அங்கேதான் கிடந்தது. அவர் அதை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

வண்டி நகர்ந்ததும் நான் வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறை மேட்டுக்கு ஓடினேன். அங்கிருந்து கூட்டுச்சாலை தெரியும். இடப்பக்கம் போனால் கிழக்கு, காடு, எல்லை. வலப்பக்கம் போனால் ரயில் நிலையம். அண்ணி மேலே வரவில்லை. கிணற்றடியில் நின்றுகொண்டு என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புழுதி மட்டும் தெரிந்தது. புழுதி கூட்டுச்சாலைக்குப் போய் நின்றது. அடங்கியது. வண்டி நடுச்சாலையில் நின்றிருந்தது. ஒரு கதவு திறந்தது. ஓர் ஆள் இறங்கினான். அவ்வளவு தூரத்தில் யார் என்று தெரியவில்லை. இறங்கியவன் கையை வீசி ஏதோ பேசினான். எல்லைவரைகூடக் கொண்டுபோகாமல் அங்கேயே ஏதாவது செய்யப்போகிறார்களோ என்று நினைத்தேன். என் கை பாறையைப் பிடித்திருந்தது. பிறகு பார்த்தபோது விரல் நகம் உடைந்திருந்தது.

“என்னடி?” என்று அண்ணி கீழிருந்து கேட்டாள்.

“நிக்குது.”

“எந்தப் பக்கம்?”

“நிக்குதுன்னுதானே சொல்றேன்.”

கதவு மூடியது. இறங்கியவன் சாலையிலேயே நின்றான். வண்டி நகர்ந்தது, முதலில் நேராக, பிறகு வலப்பக்கம். ரயில் நிலையச் சாலையில் புழுதி நீளமாக எழுந்தது. நான் கத்தவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அண்ணி கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

சாலையில் நின்றவன் ஈவரி. திட்டிக்கொண்டே நடந்து எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். மில் இன்னும் தூரம். சவாரி என்று சொல்லி அழைத்துப்போய், நடுவழியில் இறங்குடா என்று தள்ளிவிட்டான் என்றான். ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் என் மானம் என்ன ஆவது என்றான். அண்ணி அவனை மேஜையில் உட்காரவைத்து ரொட்டியை வெட்டி வைத்தாள்.

அவன் வாய் நிறைய ரொட்டியோடு இருக்கும்போதுதான் இன்னொரு வண்டி வந்தது. நான்கு பேர். ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. தோல் கோட்டுக்காரர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் தொப்பியைக் கழற்றவில்லை. ஒருவன் நேராகப் பின்கதவுக்குப் போய் நின்றான். அறையை ஞாயிற்றுக்கிழமையே பார்த்து வைத்தவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

“காபி இருக்கு, உட்காருங்க” என்றாள் அண்ணி.

“இந்த வீட்டுல எதையும் குடிக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு” என்றான் முன்னால் நின்றவன். இருபது வயதுகூட இருக்காது. மரியாதையாகத்தான் சொன்னான்.

செருப்புக்காரன் எங்கே என்று கேட்டார்கள். அண்ணி வாய் திறப்பதற்குள் ஈவரி ரொட்டியை விழுங்கினான்.

“நீங்க லேட். யால்மாரி காலையிலேயே சவாரி கூட்டிட்டுப் போயிட்டான். கிழக்கே. நான்தான் ஏத்திவிட்டேன்.”

ஏன் அப்படிச் சொன்னான் என்பது இன்றுவரை தெரியாது. எங்கள் ரொட்டியைத் தின்றதாலா, நடுவழியில் இறக்கிவிடப்பட்டதைச் சொல்ல வெட்கப்பட்டா. கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் ஈவரியின் முதுகில் தட்டினான். வெளியே தோல் கோட்டுக்காரர் முதல்முறையாகத் தொப்பியைத் தூக்கி எங்கள் வீட்டுக்கு வணக்கம் சொன்னார். வண்டி போயிற்று.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி: நெஸ்டோரியை யால்மாரி எல்லைக்குக் கொண்டுபோய்விட்டான். மாலையில் தனியாகத் திரும்பிய யால்மாரி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் இல்லை என்றால் ரயிலேறிப் போன அண்ணனைத் தெற்கே தேடிப்போவார்கள். நாங்கள் வாய் திறந்தாலும் அப்படித்தான். பிறகு இயக்கம் கட்சியானபோது எங்கள் தொகுதியில் அவனை வேட்பாளராக நிறுத்தினார்கள், அவன் கொடுக்காத அந்தச் சவாரிக்காகவே.

அண்டை வீட்டார் அழ வந்தார்கள். அண்ணி அவர்களோடு உட்கார்ந்து, அழாமல், கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ராத்திரி அவர்கள் போன பிறகு, பொய் சொல்லவே இல்லை, ஆனால் வாயெல்லாம் பொய்யாக இருக்கிறது என்றாள்.

வியாழக்கிழமை ஊராட்சி மன்றக் கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. அது ஒரு கை. இரண்டு பக்கமும் சமமாகும், ஹெர்மன் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி என்று நான் கணக்கு வைத்திருந்தேன். திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் மனம் மாறியிருக்கலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது.

தொழிலாளர் மன்றத்தைப் பூட்டக் கூடாது என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஹெர்மன். எங்கள் பக்கத்து ஆட்கள் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். தச்சர் கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்தித் தலையைச் சொறிந்தார். அவருக்கு நான்கு குழந்தைகள். பள்ளி ஆசிரியர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதே ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என்னிடம், வியாழக்கிழமை பார்த்துக்கொள்வோம் சைமி என்று சொன்னவர். அண்ணனின் கையோடு இன்னும் இரண்டு கைகள் போயின. ஹெர்மனின் ஓட்டு தேவைப்படவே இல்லை.

அண்ணன் உயிரோடு இருக்கிறார், தெற்கே அத்தை மகன் வீட்டில் உட்கார்ந்து பூட்சு தைக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கைகள் எழுந்திருக்கும். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அண்ணி என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். சொல்லாமல் அவரைக் காப்பாற்றினோம். சொல்லாமல்தான் மன்றத்தையும் பூட்டினோம்.

கூட்டம் முடிந்ததும் எப்போதும்போல் காபி வந்தது. ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஹெர்மன் தானே ஒரு கோப்பையை நிறைத்து எடுத்துக்கொண்டு பின்பெஞ்சுக்கு வந்தார். அவருக்கு எல்லாம் தெரியும், மகன் சொல்லியிருப்பான். கதவோரம் இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காபி, அல்வீனா.”

“வேண்டாங்க பெரியவரே.”

“ஒரு வாய்.”

“வேண்டாங்க.”

அவர் கோப்பையோடு நின்றார். வாய் திறந்தது. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி, கோப்பையை அப்படியே எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டார்.

தொழிலாளர் மன்றத்தைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்கு வழி. அதற்குள் கதவில் பலகை அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். சுத்தியல் சத்தம் பின்னால் கேட்கக் கேட்க நடந்தோம். ஏரித் திருப்பத்தில் அண்ணி நின்று தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“மூணாவது தடவ கேட்டிருந்தா வாங்கியிருப்பேன்” என்றாள்.